நண்பருக்கு ஓர் இரவு ஓய்வைப் பரிசளிப்பது எப்படி? மாமல்லபுரம் விடுதித் தங்கலை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தோழி ஒருவர் வடசென்னையில் தம் தந்தையுடன் வசிக்கிறார். தந்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சு மட்டும் ஓரளவு மீண்டிருந்தது. தோழி வங்கி வேலைக்குச் செல்லும் பகல் நேரத்தில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார். மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரை எல்லாம் தோழியின் பொறுப்பு. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று நண்பர்கள் ஆறு பேரும் கேட்டபோது, "ஒரே ஒரு ராத்திரி, யாரும் எழுப்பாம தூங்கணும்" என்றார். பட்டுப் புடவை, தங்கக் காசு என்று நாங்கள் பேசி வைத்திருந்தவை அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போயின.

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு விடுதி அறையை ஓர் இரவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தோம். முதல் முறை அது பாதி தோல்வியில் முடிந்தது. ஓராண்டு கழித்து மீண்டும் செய்தபோது நிறைவாக அமைந்தது. இரண்டு முறையும் விடுதிகள் ஏறக்குறைய ஒரே தரத்தில்தான் இருந்தன. நாங்கள் செய்த வேலைதான் மாறியிருந்தது. அறையைப் பதிவு செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். அந்த அறைக்குள் நுழைகிறவரின் தலையில் எந்தப் பொறுப்பும் எந்த முடிவும் மிச்சமில்லாமல் செய்வதற்கு மூன்று வாரம் ஆகும். கீழே உள்ள படிகள் அந்த மூன்று வாரத்தைப் பற்றியவை. கைக்குழந்தை வைத்திருக்கும் தம்பதிக்கோ, தேர்வு எழுதும் பிள்ளையோடு ஓராண்டு கண்விழித்த தாய்க்கோ இதே பரிசைக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: விடுதிக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்

ஓய்வு தேவைப்படுகிறவர் எவரும் ஓய்வெடுக்க இடமில்லாமல் தவிப்பதில்லை. விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல்தான் தவிக்கிறார். ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்த இரவில் அவருடைய இடத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்பதே. எங்கள் கூட்டத்தில் இருவர் முன்வந்தனர். ஒருவர் ஆண் என்பது பெரிய உதவியாக இருந்தது, ஏனெனில் கழிவறைக்கு அழைத்துச் செல்வதையும் உடை மாற்றுவதையும் மகளின் தோழிகள் செய்வதற்குத் தந்தை கூச்சப்படுவார் என்பதைத் தோழியே சொன்னார். அவர் சொல்லும் வரை எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

முகவர் நிறுவனங்கள் மூலம் இரவுப் பணிக்கு ஆள் அமர்த்தலாம் என்பது உண்மைதான். ஆனால் முற்றிலும் புதியவர் ஒருவரை முதல் இரவே தனியாக அமர்த்திவிட்டு அனுப்பினால், விடுதியில் இருப்பவர் தூங்க மாட்டார். ஆள் அமர்த்துவதாக இருந்தாலும், நோயாளிக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு முகம் உடன் இருக்கட்டும்.

முன்வந்தவர்கள் குறைந்தது இரண்டு மாலைகளாவது அந்த வீட்டுக்குச் சென்று, உட்கார்ந்து பேசிவிட்டு வராமல், எல்லா வேலைகளையும் தோழியின் கண்ணெதிரே செய்து பழக வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கக்கூடும். அதனால் நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு கவளமாக ஊட்ட வேண்டும், உண்ட பிறகும் அரை மணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருக்க வேண்டும். தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்களைப் படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். தோழி மூன்று ஆண்டுகளாகத் துண்டு துண்டாகத் தூங்கியதன் காரணம் அந்த இரண்டு மணி நேரக் கணக்குதான் என்பது, நாங்களே அலாரம் வைத்து எழுந்த இரவில்தான் உடம்பில் உறைத்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம். அடுத்த பக்கத்தில் மருத்துவரின் எண், அருகிலுள்ள மருத்துவமனை, மருத்துவக் கோப்பு இருக்கும் அலமாரி, 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டிய முகவரி அடையாளம். அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் அந்த இரவு நடப்பவற்றை நேரத்தோடு எழுதி வையுங்கள். எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோயாளிக்கு விவரம் புரியுமென்றால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அலுவலக வேலையாக வெளியூர் போகிறாள் என்று பொய் சொல்லலாமா என்று நாங்கள் முதலில் யோசித்தோம். இரண்டாம் முறை தோழியே தந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து, "அப்பா, ஒரு ராத்திரி மகாபலிபுரத்துல போய்த் தூங்கிட்டு வரேன்" என்றார். அவர் தலையசைத்தார். குற்ற உணர்வில் பாதி அங்கேயே கரைந்தது.

இரண்டாம் படி: எப்போது, எப்படிச் சொல்வது

திடீர் வியப்பாக வைத்துக் கடைசி நேரத்தில் உறையை நீட்டுவது பார்க்க அழகாக இருக்கலாம். பொறுப்புள்ளவர்களுக்கு அது ஒத்து வராது. வீட்டில் பால் பாக்கெட் முதல் வேலைக்காரரின் விடுப்பு வரை அவர் யோசிக்க வேண்டியவை இருக்கின்றன. பத்து நாட்களாவது முன்னதாகச் சொல்லிவிடுங்கள். எந்த விடுதி, எந்த அறை என்பதை வேண்டுமானால் மறைத்து வைத்துக்கொள்ளலாம்.

"எதுக்கு இவ்வளவு செலவு?" என்ற கேள்வி நிச்சயம் வரும். நம் ஊரில் கொடுத்ததெல்லாம் மொய்க் கணக்கில் ஏறிவிடும். வாங்கியவர் எப்போது திருப்பிச் செய்வது என்று அன்றே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, பணம் கட்டியாகிவிட்டது, வீட்டில் இரவு தங்க இருவர் விடுப்பும் எடுத்தாகிவிட்டது என்று சொன்னால் பேச்சு அதோடு முடிகிறது. திருமணமானவராக இருந்தால் கணவரிடமோ மனைவியிடமோ, மாமியார் இருக்கும் வீடாக இருந்தால் அவரிடமும், முன்கூட்டியே நண்பர்கள் தரப்பிலிருந்து ஒருவர் பேசிவிடுவது நல்லது. ஒரு பெண் தனியாக விடுதியில் தங்குவதைப் பற்றி வீட்டாருக்கு உள்ள தயக்கத்தை அவரே சமாளிக்கும்படி விடக் கூடாது.

தனியாக அனுப்புவதா, நாமும் கூடப் போவதா? கூடப் போனால் அது சுற்றுலா ஆகிவிடும், அவர் நமக்காகச் சிரிக்க வேண்டியிருக்கும். தனியாகவோ, தம்பதியாகவோ, அவரே விரும்பினால் ஒரே ஒரு துணையோடோ அனுப்புவது மேல்.

மூன்றாம் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகச் சென்று சேரும் ஊர் என்பதால், சனிக்கிழமைகளில் நகரமே அந்தச் சாலையில் இறங்கிவிடுகிறது. வாடகையும் அன்று உச்சத்தில் இருக்கும். ஞாயிறு இரவு தங்கித் திங்களன்று ஒரு நாள் விடுப்பு எடுப்பது, அல்லது வாரத்தின் நடுவே ஒரு நாளைப் பிடிப்பது வாடகையையும் இரைச்சலையும் ஒருசேரக் குறைக்கும். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே எண்ணிப் பார்க்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா நடக்கும்போது ஊர் நிரம்பியிருக்கும். நாட்டியம் பார்க்க அது நல்ல காலம், தூங்குவதற்கு அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பதிவை மாற்ற வேண்டி வரலாம். பிப்ரவரியும் மார்ச் மாதத் தொடக்கமும் கடற்கரைக்கு இதமானவை.

விடுதி இணையதளங்களில் காணக் கிடைக்காத ஒரு விவரம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள பெரிய விடுதிகள் பலவும் புல்வெளியில் திருமண வரவேற்புகளுக்கு இடம் கொடுக்கின்றன. முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை அங்கே அறை எடுத்தால், இரவு வெகுநேரம் வரை ஒலிபெருக்கிப் பாட்டு ஜன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். பதிவு செய்யும் முன் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லாததால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஜவுளிக் கடை தள்ளுபடியைவிட எனக்கு ஆடியில் பிடித்தது இப்போது இதுதான்.

நான்காம் படி: விடுதியும் அறையும்

மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி முதல் நட்சத்திர விடுதிகள் வரை எல்லா அளவிலும் இடங்கள் உள்ளன. சற்று முன்னால் கோவளத்தில், பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில் 1970களில் எழுந்த தாஜ் விடுதி இருக்கிறது. நட்சத்திர எண்ணிக்கையைவிட இந்தப் பரிசுக்கு முக்கியமானவை வேறு. அறை இருட்டாகுமா, அதாவது திரைச்சீலை கனமானதா? ஏசி சத்தம் போடுமா? வெந்நீர் எந்நேரமும் வருமா? மின்தடை ஏற்பட்டால் குளிர்சாதனம் ஓடும் அளவுக்கு ஜெனரேட்டர் உண்டா? இவற்றைத் தொலைபேசியில் நேரடியாகக் கேளுங்கள். வலைத்தள விமர்சனங்களில் உணவைப் பற்றிய வரிகளைத் தள்ளிவிட்டு, தூக்கம், கொசு, குளியலறை ஆகிய சொற்கள் வரும் வரிகளை மட்டும் தேடிப் படித்தால் அரை மணி நேரத்தில் தெளிவு கிடைத்துவிடும்.

கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம் என்பேன். கிழக்குக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கட்டிலை விட்டு இறங்காமலே அதைப் பார்க்க முடிவது இந்தப் பரிசின் பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 'கடல் பார்த்த அறை' என்பதும் 'தோட்டத்துக்கு அப்பால் கொஞ்சம் கடல் தெரியும் அறை' என்பதும் வெவ்வேறு. எந்த மாடி, எந்தப் பக்கம் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். தனியாகத் தங்கும் பெண்ணுக்குத் தரைத்தளம் வேண்டாம், தாழ்வாரத்தின் கடைக்கோடியும் வேண்டாம். நீச்சல் குளத்தை ஒட்டிய அறையில் குழந்தைகளின் கூச்சல் பிற்பகல் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: பணக் கணக்கு

ஒருவர் பொருளாளராக இருந்து மற்றவர்களிடமிருந்து யுபிஐ மூலம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு எவ்வளவு என்பது பெறுபவருக்கு ஒருபோதும் தெரிய வேண்டியதில்லை.

அறை வாடகையில் ஒரு வரம்பைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதற்கு மேல் 18 சதவீதம். 7,000 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,350 ரூபாய் ஆகும். 8,000 ரூபாய் அறைக்கு 9,440 ரூபாய் ஆகிவிடும். வாடகையில் ஆயிரம் ரூபாய் ஏறியதற்குப் பையிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல் போகிறது. அந்த இரண்டாயிரத்தில் போகவர நல்ல காருக்கான செலவில் பெரும்பகுதியைச் சமாளித்துவிடலாம்.

உணவுக்கு விடுதிகள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்கள் சிலரைக் குழப்பும். இ.பி. என்றால் அறை மட்டும், சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது, எம்.ஏ.பி. என்றால் அதோடு ஒரு வேளை உணவு, ஏ.பி. என்றால் மூன்று வேளையும். ஓர் இரவுத் தங்கலுக்கு சி.பி. போதும். இரவு உணவைச் சேர்த்து வாங்கினால் அது பெரும்பாலும் பஃபே ஆகத்தான் இருக்கும். அதற்கென உடை மாற்றிக்கொண்டு குறித்த நேரத்துக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும். களைத்தவருக்கு அறைக்கே தருவித்த ஒரு தட்டுச் சாப்பாடு மேலானது. அதற்காக ஒரு தொகையை விடுதியிலேயே முன்பணமாகக் கட்டி, அந்தத் தொகை வரை விருந்தினரிடம் கேட்காமல் கழித்துக்கொள்ளும்படி சொல்லிவிடலாம்.

ரத்து விதியில் சிக்கனம் பார்க்காதீர்கள். 'பணம் திரும்பாது' என்ற நிபந்தனையோடு வரும் மலிவான கட்டணம், நோயாளி உள்ள வீட்டாருக்கு ஏற்றதல்ல. கடைசி நேரத்தில் காய்ச்சல் வந்தால் தோழி போகாமல் இருப்பதற்கும், நாள் மாற்றிக்கொள்வதற்கும் சுதந்திரம் வேண்டும்; போகாவிட்டால் நண்பர்களின் பணம் வீணாகுமே என்ற எண்ணம் வந்துவிட்டால் பரிசே சுமையாகிவிடும்.

உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால், அதை நீக்கச் சொல்லலாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறையை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. இந்தப் பேச்சையும் பொருளாளரே முன்கூட்டிப் பேசி முடிக்க வேண்டும், ஓய்வுக்குப் போனவர் அல்ல.

ஆறாம் படி: பெயர், அடையாள அட்டை

முதல் முறை நாங்கள் வழுக்கி விழுந்த இடம் இது. பதிவை என் பெயரில், என் கைபேசி எண்ணில் செய்திருந்தேன். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது. தோழி வரவேற்பு மேசைக்குப் போனபோது, பதிவு செய்தவர் வரவில்லையே என்று நிறுத்திவிட்டார்கள். என் கைபேசிக்கு ஓர் ஓடிபி எண் வந்தது, அதை நான் அவருக்குச் சொன்னேன், பிறகு என்னுடைய ஆதார் நகல் கேட்டார்கள், அதற்குள் இன்னொரு குழு வந்து வரிசையில் நின்றது. நாற்பது நிமிடம் பையோடு நின்றுகொண்டிருந்த தோழி, "நான் திரும்பி வந்துடட்டுமா?" என்று கேட்டார். விடுதியின் மேல் எனக்குக் கோபம்தான். தவறு என்னுடையது என்பதும் தெரியும்.

எனவே தங்குபவரின் பெயரிலேயே, ஆதாரில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல், பதிவு செய்யுங்கள். இருவர் தங்கினால் இருவர் பெயரும் இருக்கட்டும். பணம் கட்டுபவர் வேறு என்பதை விடுதிக்கு மின்னஞ்சலில் எழுதி, அவர்களின் பதிலை அச்செடுத்தோ படமாகவோ தங்குபவரிடம் கொடுங்கள். அடையாளத்துக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்று வேண்டும். முகவரி இல்லாததால் பான் அட்டையை ஏற்பதில்லை. ஆதாரின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்புப் பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். உள்ளூர் முகவரி உள்ளவர்களுக்கு அறை தருவதில்லை என்ற வழக்கம் சில விடுதிகளில் உண்டு; சென்னை முகவரிக்குத் தடையில்லை என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அறைக்குள் நுழையும்போது முன்வைப்புத் தொகை கேட்கும் விடுதிகள் இருக்கின்றன. அதையும் முன்பே செலுத்திவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். பில்லில் அறை வாடகை தெரியாதபடி கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏழாம் படி: முந்தைய நாள் ஒரு தொலைபேசி

போகும் நாளுக்கு முந்தைய மாலை விடுதியை அழைத்து, பணியில் இருக்கும் மேலாளரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். தங்க வருபவர் நீண்ட காலமாக நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், தூங்குவதற்காக வருகிறார் என்று சொன்னால் போதும். நாங்கள் அப்படிச் சொன்னபோது, மதியம் இரண்டு மணிக்குத் தர வேண்டிய அறையைப் பன்னிரண்டரைக்கே தயார் செய்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலி செய்யும் நேரத்தையும் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். கட்டணம் கேட்கவில்லை. எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்காமல் எங்கும் நடக்காது.

பிறந்தநாள் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் இரவு எட்டு மணிக்கு நான்கு பணியாளர்கள் கேக்கோடு கதவைத் தட்டிக் கைதட்டிப் பாடுவார்கள். காலையில் அறை சுத்தம் செய்ய அழைப்பு மணி அடிக்க வேண்டாம், தொலைபேசி அழைப்பு எதையும் அறைக்கு இணைக்க வேண்டாம், அவசரத்துக்கு இன்ன பெயரில் வரும் அழைப்பை மட்டும் இணைக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பையில் என்ன

வீட்டில் தூங்கும் தலையணை அல்லது போர்வை, பழகிய நைட்டி, மாத்திரைகள், கொசுவிரட்டி, அவர் குடிக்கும் காப்பித் தூள் என்று சிறியதாக ஒரு பை. விடுதிப் பொட்டலத்துத் தூளில் கலக்கும் காப்பி, ஃபில்டர் காப்பி குடித்து வளர்ந்தவரின் காலையைக் கெடுத்துவிடும். ஒரு சிறு புட்டியில் டிகாக்ஷன் இறக்கிக் கொடுத்தால் அறையிலுள்ள குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாயை ஓர் உறையில் போட்டு, 'டிப்ஸுக்கு' என்று எழுதி வையுங்கள். எவ்வளவு கொடுப்பது, சில்லறை இருக்கிறதா என்ற யோசனை கூட அன்று வேண்டாம். அறையின் குளிர்பெட்டியில் உள்ள தின்பண்டங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும், வைத்திருக்கும் தண்ணீர்ப் புட்டிகள் பெரும்பாலும் இலவசம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஒரு கட்டு வேர்க்கடலை மிட்டாயும் போட்டோம். அது வழிகாட்டியில் சேராது, நட்பில் சேரும்.

ஒன்பதாம் படி: தங்குபவருக்கு

இந்தப் பகுதியைப் பரிசு பெறுபவரிடமே படிக்கக் கொடுத்துவிடலாம்.

காலையில் வீட்டை ஒதுங்க வைத்துவிட்டுக் கிளம்ப முயலாதீர்கள். பொறுப்பேற்பவர்கள் பத்து மணிக்கு வந்ததும், வாசலில் நின்று நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லத் தொடங்காமல், காரில் ஏறிவிடுங்கள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம்.

விடுதிக்குச் சென்றதும் கதவின் உள்தாழ்ப்பாள், அவசர வழி, தொலைபேசியில் வரவேற்பின் எண் மூன்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, வெந்நீரில் நிதானமாகக் குளியுங்கள். பிறகு தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள், மணி என்னவாக இருந்தாலும் சரி. எங்கள் தோழிக்கு முதல் முறை ஐந்து மணிக்கு ஆயுர்வேத மசாஜ், எட்டு மணிக்கு இரவு உணவு மேசை, காலை ஆறு மணிக்குக் கடற்கரை நடை என்று ஆசை ஆசையாக அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தோம். திரும்பி வந்தபோது, "வங்கித் தணிக்கைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது" என்றார். இரண்டாம் முறை எதையும் பதிவு செய்யவில்லை. மூன்று மணிக்குப் படுத்தவர் இரவு ஒன்பதுக்கு எழுந்து, அறைக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, பத்தரைக்கு மீண்டும் படுத்தார்.

ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்காமல் எப்படித் திரும்புவது என்று தோன்றும். இராஜசிம்மப் பல்லவன் காலத்திலிருந்து, அதாவது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, அந்தக் கோயில் உப்புக் காற்றில் நின்றுகொண்டிருக்கிறது. 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இன்னும் சில மாதம் காத்திருக்கும். விழிப்பு தானாக வந்தால் மட்டும் போகலாம்: காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. கடலில் மட்டும் இறங்க வேண்டாம். இந்தக் கரையில் நீரோட்டம் வலுவானது, நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்திருக்கிறது. கணுக்கால் நனைய நிற்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைபேசியை ஒலியில்லாமல் வைத்துவிடலாம். வீட்டில் இருப்பவர்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புவார்கள்: சாப்பிட்டார், மாத்திரை கொடுத்தாயிற்று. அவசரமென்றால் விடுதியின் தரைவழி எண்ணுக்கு அழைப்பார்கள். அழைப்பு வரவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதல் முறை அன்பு மிகுதியால் நாங்கள் ஆறு பேரும் தனித்தனியே அழைத்து "தூங்கினாயா?" என்று கேட்டோம்.

இரவில் விழிப்பு வந்தால் கலங்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து பழகிய உடம்பு அந்த நேரத்தில் எழத்தான் செய்யும். விளக்கைப் போடாமல், மணியைப் பார்க்காமல், தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் அலையோசை கேட்கும்.

பத்தாம் படி: காலையும் திரும்புதலும்

சூரியன் கோடையில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், தை மாதத்தில் ஆறரை மணியளவிலும் எழும். பார்க்கத் தவறினாலும் குறையில்லை. காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் பத்து அல்லது பத்தரை வரை இருக்கும். கடைசி அரை மணி நேரத்தில் போனால், இட்லி ஆறியிருக்கலாம், கூட்டம் இருக்காது. தோசையைச் சுடச்சுட வார்த்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாவது காப்பியை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் உங்களுக்குப் பரிமாறுவது எத்தனை நாளுக்குப் பிறகு என்று எண்ண வேண்டாம்.

மீண்டும் நண்பர்களுக்கு. அவர் திரும்பி வரும்போது வீட்டில் மதிய உணவு ஆகியிருக்க வேண்டும், துணி துவைத்திருக்க வேண்டும், பாத்திரம் தேய்த்திருக்க வேண்டும். ஓர் இரவு விட்டுப் போனதற்கு இரண்டு நாள் வேலை குவிந்து கிடந்தால் அடுத்த முறை அவர் கிளம்பவே மாட்டார். அறையைப் படம் எடுத்து அனுப்பு, நன்றி சொல் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, உடனே எழுந்து போகாமல் அரை மணி நேரம் இருந்து, பிறகு கிளம்புங்கள். மேசை மேல் நோட்டை வைத்துவிடுங்கள்.

அவர் வேறு எதையும் தொடும் முன் அதைத்தான் திறப்பார். எங்கள் நோட்டில் அந்த இரவுக்கு இரண்டு பக்கம் ஓடியிருந்தது. இரவு 8.15, இரண்டு இட்லி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். 9.00, மாத்திரை. 10.05, இடப்பக்கம் புரட்டினோம். 12.00, வலப்பக்கம். 2.10, தானாக விழித்தார், தண்ணீர் கேட்டார், "அவ தூங்குறாளா?" என்று கேட்டார், தூங்குகிறாள் என்றோம், கண்ணை மூடிக்கொண்டார். 4.00, புரட்டினோம், எழவில்லை.